பனிநாட்டு வண்டிப்பாதை

அரபு மொழியில் 'ஜமத' என்றொரு வினைச்சொல் உண்டு. தண்ணீர் பனிக்கட்டியானாலும் அச்சொல்தான். குழம்பாயிருந்த பொருள் இறுகிக் கட்டியானாலும் அச்சொல்தான். அதே வேரினின்றும் பிறந்த 'ஜாமித்' என்னும் பெயரை இலக்கண வகுப்பில் நாம் முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லி வருகிறோம். பிறிதொரு சொல்லினின்றும் பிறவாது தனித்து நிற்கும் பெயர்ச்சொல் என்பது அங்கே அதன் பொருள். தமிழிலும் 'உறைதல்' என்னும் ஒரே சொல் பாலுக்கும் ஆகிறது, நீருக்கும் ஆகிறது. இவ்வாறு மொழிகள் ஒன்றாகக் கொண்ட இரு செயல்கள் ஒன்றுக்கொன்று எத்துணைப் பகையானவை என்பதை, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நம் மகள் வீட்டு வாசலில் காங்கிரீட் பாதை போட்டபோது நேரில் கண்டோம். காங்கிரீட் இறுகுவது ஒரு கட்டியாதல். அதனுள் புகுந்த நீர் பனியாவது மற்றொரு கட்டியாதல். முன்னது சேர்த்து வைத்ததைப் பின்னது உடைத்து விடுகிறது.

2023 பிப்ரவரியில், மகளின் இரண்டாம் பிரசவத்தை முன்னிட்டு, மத்ரஸாவில் நீண்ட விடுப்புப் பெற்று நாமும் நம் இல்லத்தாரும் மினியாப்பொலிஸ் நகரின் புறத்தேயுள்ள அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். ஜூலை வரை அங்கே தங்கினோம். நம் ஊர்களில் திண்ணையைக் கடந்தால் தெரு. அங்கே தெருவுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு பாதை கிடக்கிறது. அதை 'டிரைவ்வே' என்கிறார்கள்; நாம் வண்டிப்பாதை என்று சொல்லிக் கொள்வோம். மகள் வீட்டில் அது 40 அடி நீளம், 16 அடி அகலம். அதன் தலைமாட்டில் கார்க்கொட்டகை. குளிர்காலத்தில் அக்குடும்பத்தின் பிழைப்பு முழுவதும் அந்தப் பாதை வழியாகத்தான் நடக்கிறது. பனியை வழித்துத் தள்ளினாலன்றி வேலைக்குப் போக இயலாது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப இயலாது, மருத்துவமனைக்கும் விரைய இயலாது.

நாம் போனபோது அந்தப் பாதை இருந்த நிலை பரிதாபமானது. மேற்பரப்பு மீன் செதிலைப் போலப் பாளம் பாளமாக உரிந்து, உள்ளிருக்கும் ஜல்லி வெளியே பல்லைக் காட்டிக் கொண்டிருந்தது. நடுவில் இரண்டு பலகங்கள் பொங்கி எழுந்திருந்தன. கொட்டகை வாயிலையொட்டிய பகுதியோ அமிழ்ந்து பள்ளமாகிவிட்டது. பகலில் உருகிய பனிநீர் அந்தப் பள்ளத்தில் தேங்கும். மஃரிபுக்குப் பின் அது கண்ணாடியாகிவிடும். நிறைமாதத்தை நெருங்கிக் கொண்டிருந்த மகள், அதன் ஓரமாகச் சுவரைப் பிடித்துக் கொண்டு கடப்பாள். நாம் வாசலில் இறங்கினால் மட்டும், "அத்தா, அந்தப் பக்கம் போகாதீங்க, வழுக்கிடும்" என்று உள்ளிருந்து குரல் வரும். மார்ச் இறுதியில் பேத்தி பிறந்து தாயும் சேயும் நலமாக வீடு திரும்பிய நாளில், காரிலிருந்து வாசற்படி வரையிலுமான அந்த இருபது அடியை மருமகன் மணலைக் கொட்டிக் கொட்டித்தான் நடத்திக் கொண்டு வந்தார்.

புதிதாகப் போட வேண்டும் என்பதில் ஐயமில்லை. கேள்வி பணத்தைப் பற்றியது. மருமகன் வட்டிக்கு வாங்குபவரல்லர். இந்தப் பாதைக்கென்றே மூன்று ஆண்டுகளாகத் தனியே எடுத்து வைத்த தொகை, எட்டாயிரம் டாலருக்குச் சற்று மேல் இருந்தது. தவணையில் செலுத்தலாம் என்று ஒப்பந்தக்காரர்கள் காட்டிய வழிகள் அனைத்திலும் வட்டி கலந்திருந்தது. ஆகவே கையிலுள்ள பணம் ஒரு முறைக்குத்தான். போட்டது ஐந்தாண்டில் உரிந்து போனால் மறுபடி போட வகையில்லை. "மாமா, இதை ஒரே தடவையில் சரியாகச் செய்தாக வேண்டும்" என்று சொல்லி, இரவு தோறும் அவர் காங்கிரீட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கினார். அவர் படித்ததை நமக்குச் சொல்வார். நாம் கேட்கும் கேள்விக்கு விடை தேடி மீண்டும் படிப்பார். அவ்வாறு நாமும் கொஞ்சம் கற்றோம்.

முதலில் நமக்கு வியப்பளித்த செய்தி, கொடுங்குளிர் அத்துணைக் கொடியதன்று என்பது. சனவரி இரவுகளில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே 20, 25 பாகை சென்றாலும் உறைந்தது உறைந்தபடியே கிடக்கும். கேடு விளைவது மார்ச், ஏப்ரல் மாதங்களில். பகலில் பூச்சியத்துக்கு மேலே ஏறி, இரவில் கீழே இறங்கி, மறுநாள் மீண்டும் ஏறும் காலம் அது. உருகிய நீர் காங்கிரீட்டின் நுண்துளைகளில் ஊறுகிறது. இரவில் உறைகிறது. உறையும்போது நீர் நூற்றுக்கு 9 பங்கு பருக்கும். பருப்பதற்கு இடமில்லாத நீர், தன்னைச் சுற்றியுள்ள சுவரை நெருக்குகிறது. இது ஓர் இரவில் தெரியாது. நூறு இரவு சென்றபின் மேல்தோல் கழன்று விழுகிறது.

இதற்கு மருந்து காற்று. இந்த மருந்து தற்செயலாகக் கிடைத்த கதை சுவையானது. 1930களில் நியூயார்க் மாநிலத்தில் பனியாலும் உப்பாலும் சாலைகள் உரிந்து கொண்டிருந்தபோது, சில பகுதிகள் மட்டும் சேதமின்றி நின்றன. காரணத்தை ஆராய்ந்தபோது, அப்பகுதிகளுக்கு வந்த சிமெண்டை அரைக்கும் ஆலையில், அரைவை எளிதாவதற்காக மாட்டுக் கொழுப்பைச் சேர்த்திருந்தனர் என்பது தெரிய வந்தது. கொழுப்பு, கலவையில் சோப்பைப் போல நுரைத்து, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான காற்றுக் குமிழிகளை விட்டுச் சென்றிருந்தது. உறையும் நீர் நெருக்கும்போது ஒதுங்குவதற்கு அந்தக் குமிழிகள் வெற்றிடமாக உதவின. பிற்காலத்தில் கொழுப்பு போய், பைன் மரத்தின் அடிக்கட்டையினின்றும் எடுக்கும் பிசின் போன்ற பொருள்கள் வந்தன. நம் முன்னோர் சுண்ணாம்புக் காரையில் கடுக்காய்ச் சாற்றையும் கருப்பட்டிப் பாகையும் சேர்த்ததை இவ்விடத்தில் நினைத்துக் கொண்டோம். கட்டடக் கலையில் அடுக்களைப் பொருள் நுழைவது புதிதன்று போலும்.

குமிழி ஏன் வேலை செய்கிறது என்பதை 1945இல் விளக்க முற்பட்டவர் டிரெவல் பவர்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர். நெருக்குண்ட நீர், அருகிலுள்ள வெற்றிடத்தை அடைய எவ்வளவு தூரம் செல்ல வேண்டியிருக்கிறது என்பதே உயிர்நிலை என்றார் அவர். அத்தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படக் கூடாது என்பது இன்று பொதுவாக ஏற்கப்படும் அளவு. அதாவது பெரிய ஓட்டைகள் சிலவற்றால் பயனில்லை. நுண்ணிய குமிழிகள் நெருக்கமாக, எங்கும் பரவி இருத்தல் வேண்டும். காற்று நுழைந்தால் காங்கிரீட் பலவீனமாகாதா என்று நாம் கேட்டோம். ஆகத்தான் ஆகும், நூற்றுக்கு ஒரு பங்கு காற்றுக்கு வலிமை ஏறத்தாழ நூற்றுக்கு 5 குறையும் என்றார் மருமகன். அப்படிக் குறைந்தும் அதுதான் நிலைக்கிறது. காற்றில்லாத வலிய காங்கிரீட், எடை தாங்குவதில் வீரனாயிருந்தும், மார்ச் மாதத்தில் தோற்றுப் போகிறது.

மேலே உரிவதற்குக் காரணம் இது. கீழிருந்து பொங்கி எழுவதற்குக் காரணம் வேறு. நீர் பருப்பதால்தான் மண் பொங்குகிறது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஸ்டீபன் டேபர் என்னும் புவியியல் அறிஞர் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சோதனை செய்தார். நீருக்குப் பதிலாகப் பென்சீனை மண்ணில் ஊறவைத்து உறையச் செய்தார். பென்சீன் உறைந்தால் சுருங்கும் இயல்பினது. ஆயினும் மண் பொங்கியது! உறையும் மட்டம், கீழேயுள்ள ஈரத்தை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல இழுத்து, தட்டுத் தட்டாகப் பனி அடுக்குகளை வளர்க்கிறது என்பது அதனால் விளங்கிற்று. வண்டல் கலந்த நுண்மண்ணில் இந்த இழுப்பு மிகுதி. பருத்த சரளையில் இல்லை. மினசோட்டாவின் கட்டட விதி, வீட்டு அடித்தளத்தை மாநிலத்தின் தென்பாதியில் 42 அங்குலமும், வடபாதியில் 60 அங்குலமும் ஆழத்தில் வைக்கச் சொல்கிறது. வண்டிப்பாதைக்கு அவ்வளவு ஆழம் தோண்ட எவராலும் இயலாது. அது மண்ணின் மேல் மிதக்கத்தான் வேண்டும். எனவே அதன் கீழே நீர் தங்காத மெத்தை ஒன்று வேண்டும்.

தார்ப்பாதை போடலாமே என்று கேட்பவர் உண்டு. அங்கே அதுவும் நிறைய உண்டு. மலிவு, வளைந்து கொடுக்கும், கறுப்பாதலால் பனியை விரைந்து உருக்கும். ஆனால் சில ஆண்டுக்கொரு முறை பூச்சு, பிறகு வெடிப்பு, பிறகு மீண்டும் பூச்சு. மருமகன் வேண்டாமென்றார், நாமும் மேலே பேசவில்லை.

மூன்று ஒப்பந்தக்காரர்கள் வந்து பார்த்தனர். முதல்வர் கேட்ட தொகை மற்றவர் கேட்டதினும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழையதைப் பெயர்த்துவிட்டு, இருக்கிற மண்ணின் மேலேயே 4 அங்குலம் ஊற்றிவிடலாம், இங்கே எல்லோரும் அப்படித்தான் என்றார். இரண்டாமவர் நல்ல பேச்சாளர். ஆனால் எதையும் எழுத்தில் தர மனமில்லை. மூன்றாமவர் அதிகம் பேசவில்லை. மருமகன் தம் கோரிக்கைகளை ஒற்றைத் தாளில் எழுதி நீட்டியபோது, நின்றபடியே இருமுறை படித்து, ஓரிடத்தில் மட்டும் திருத்தம் கேட்டுக் கையொப்பமிட்டார்.

அந்தத் தாளில் இருந்ததை நாம் மனப்பாடமே செய்துவிட்டோம். மண்ணை அகற்றி, உடைத்த சரளையை 6 அங்குலம் பரப்பி, அடுக்கடுக்காக இடித்து இறுக்க வேண்டும். காங்கிரீட் கனம் 5 அங்குலம். வலிமை, சதுர அங்குலத்துக்கு 4,500 பவுண்டு. நம்மூரில் வீட்டுத் தளத்துக்கு எம்-20 கலவை போதுமென்பார்கள், இது எம்-30க்கும் மேல். தண்ணீரின் எடை, சிமெண்டு எடையில் நூற்றுக்கு 45ஐத் தாண்டக் கூடாது. காற்று நூற்றுக்கு 6 பங்கு, ஒன்றரை கூடலாம் குறையலாம். வாட்டம் கொட்டகையினின்றும் தெருவை நோக்கி, அடிக்குக் கால் அங்குலம். கொட்டகைத் தளத்தையும் தெருவோரத்தையும் தொடும் இடங்களில் நார்ப்பலகை வைத்துப் பிரிக்க வேண்டும். இரண்டும் தனித்தனியே அசைய விட்டால்தான் ஒன்றையொன்று உடைக்கா. குறுக்கிலும் நெடுக்கிலும் கீறல் போட்டு 8 அடிக்கு 10 அடியாக எட்டுக் கட்டங்களாக்க வேண்டும். கீறல் ஆழம் கனத்தில் கால் பங்கு. காங்கிரீட் சுருங்கியே தீரும், வெடித்தே தீரும். எங்கே வெடிக்க வேண்டுமென்று முன்கூட்டியே கோடு போட்டுக் கொடுப்பதுதான் அக்கீறலின் வேலை.

ஜூன் இரண்டாம் வாரம் வேலை தொடங்கிற்று. தோண்டும் இயந்திரம் பழைய பாதையைப் பெயர்த்தபோது அதன் கீழே சரளை என்பதே இல்லை. கறுத்துக் குழைந்த மண்தான் இருந்தது. மேலிருந்து பார்த்தவர் எவருக்கும் அது தெரிந்திருக்காது. வீட்டை விற்றவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. மண்ணை அள்ளிச் சரளை நிரப்பி, அதிர்ந்து அதிர்ந்து அடிக்கும் தகட்டு இயந்திரத்தால் ஒரு நாள் முழுவதும் இடித்தார்கள். பிறகு நாற்புறமும் பலகை அடைத்து, நடுக்கனத்தில் நிற்கும்படி கம்பி வலையைச் சிறு முட்டுகளின் மேல் தூக்கி வைத்தார்கள். கம்பி வெடிப்பைத் தடுக்காது. வெடித்த இரு பக்கமும் விலகாமல் பிடித்து வைக்கும்.

மறுநாள் காலை சுழலும் உருளையோடு லாரி வந்தது. ஏறத்தாழ பத்துக் கனகெஜம். முதல் தொகுதி இறங்கியதும் கலவை சற்றுக் கெட்டியாயிருப்பதைக் கண்ட மேஸ்திரி, தண்ணீரைத் திறந்துவிடும்படி லாரிக்காரருக்குச் சைகை காட்டினார். நம் மருமகன் அடக்கமான சுபாவம் உடையவர். எவரையும் எதிர்த்துப் பேசி நாம் கண்டதில்லை. மேஸ்திரிக்கோ அவர் தந்தையின் வயதிருக்கும். பிள்ளை இரண்டு எட்டு முன்னால் வைத்து, "வேண்டாம்" என்றார். ஆங்கிலத்தில் சொன்னதுதான், நமக்கே புரிந்தது. மேஸ்திரி, முப்பது ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறோம் என்றார். மருமகன் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்துக் காட்டினார். ஒருவரும் பேசவில்லை. உருளை மட்டும் சுழன்று கொண்டிருந்தது. கலந்த நேரத்தினின்றும் ஒன்றரை மணிக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். நின்று விவாதிப்பதற்கும் நேரமில்லை.

தண்ணீர் கூடினால் கலவை குழைந்து ஓடும், பரப்புவது எளிது, வேலையாட்களின் இடுப்பு பிழைக்கும். இது உண்மை. அந்த உபரித் தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும் வழியெல்லாம் துளையாகும், துளையெல்லாம் பனிக்கு வாயிலாகும், குமிழிகளின் கணக்கும் குலையும். இதுவும் உண்மை. முன்னது அன்றைக்கே தெரியும். பின்னது ஐந்தாண்டு கழித்து, மேஸ்திரி எங்கோ இருக்கும்போது, வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். கடைசியில் லாரிக்காரர்தான் இறங்கி வந்து, தம் சீட்டைப் பார்த்து, விகிதம் மீறாமல் இன்னும் சில கேலன்கள் சேர்க்க இடமுண்டு, அதற்கு மேல் ஒரு சொட்டும் தாம் விடுவதானால் கையொப்பம் வேண்டும் என்றார். அந்தச் சில கேலன்களோடு நின்றது. மேஸ்திரி முகத்தைச் சுளித்துக் கொண்டே வாரியைக் கையிலெடுத்தார். நால்வரும் அன்று கூடுதலாக வியர்த்தார்கள். பகல் உணவுக்கு மகள் பிரியாணி செய்து அனுப்பினாள். அதனால்தானோ என்னவோ, பிற்பகலில் மேஸ்திரியின் முகம் தெளிந்திருந்தது.

பரப்பி மட்டக்கோலால் இழுத்தபின் ஒரு கட்டம் வருகிறது. நாம் மிகுந்த ஆவலோடு பார்த்தது அதைத்தான். கலவை மெல்லப் படியும்போது அதனுள்ளிருந்து நீர் மேலே கசிந்து, பரப்பு முழுவதும் பளபளக்கும். அந்த நீர் தானாக ஆவியாகும் வரையில் அதைத் தொடக் கூடாது. அவசரப்பட்டுக் கட்டையால் தேய்த்தால் நீர் மேல்தோலுக்குள்ளேயே அடங்கி, அத்தோல் சோப்பு நுரை போல் வலுவற்றுப் போகும், முதற்குளிரிலேயே உரியும். இளைஞன் ஒருவன் எஃகுக் கரண்டியை எடுத்துக் கொண்டு போனபோது, காலையில் தண்ணீர் கேட்ட அதே மேஸ்திரி, அவன் தோளைப் பிடித்து நிறுத்தி உட்கார வைத்தார். நால்வரும் புல்தரையில் அமர்ந்து சும்மா இருந்தார்கள். நாம் உள்ளே சென்று லுஹர் தொழுது வந்தோம். அப்போதும் சும்மா இருந்தார்கள். கூலி கொடுத்துச் சும்மா இருக்கச் சொல்லும் வேலை உலகில் எத்தனை இருக்கும்!

நம் ஊர்க் கொத்தனாருக்கு மழமழப்புத்தான் பெருமை. சிமெண்டுப் பாலைத் தெளித்து, முகம் தெரியுமளவுக்குத் தேய்த்துக் கொடுப்பார். பனிநாட்டில் அந்த மழமழப்பே சாபம். எஃகுக் கரண்டியால் அழுந்தத் தேய்த்தால் மேற்பரப்பிலுள்ள குமிழிகள் வெளியேறிவிடும்; எங்கே காற்று மிகத் தேவையோ அங்கே இல்லாமற் போகும். ஆகவே மரக்கட்டையால் மட்டும் ஒருமுறை ஒத்தி, பிறகு அகன்ற துடைப்பத்தைக் குறுக்கே இழுத்து வரிவரியாக விட்டார்கள். கால் வழுக்காமலிருக்க அந்த வரிகளும் உதவும். மாலையில் இரம்பம் கொண்டு கீறல் போட்டார்கள். அதற்குள் எங்கிருந்தோ ஓடி வந்த அணில் ஒன்று ஓரத்துக் கட்டத்தில் நான்கு கால்தடங்களைப் பதித்துவிட்டுப் போயிற்று. மேஸ்திரி அழிக்கப் போனார். "நன்னா, வேண்டாம்னு சொல்லுங்க" என்று ஐந்து வயதுப் பேரன் நம் கையைப் பிடித்து இழுத்ததால் அது தப்பியது.

காங்கிரீட் காய்ந்து கெட்டியாகிறது என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். அது பொருந்தாச் சொல். சிமெண்டு நீரோடு கூடி வேதி முறையில் கல்லாகிறது. காயவிட்டால் அந்தக் கூட்டு பாதியில் நின்றுவிடும். இதனால்தான் நம் மாடித் தளத்தில் களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம். அங்கே வெண்ணிற மருந்தொன்றைத் தெளித்து, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் மூடி விட்டார்கள். ஏழு நாள் காரைத் தெருவிலேயே நிறுத்தினார்கள். இறுகும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. குளிரில் அது ஊர்ந்து செல்லும். உறைந்த மண்ணின் மேல் ஊற்றவே கூடாது. ஊற்றியது சதுர அங்குலத்துக்கு 500 பவுண்டு வலிமையாவது எய்தும் முன்னர் உறைந்தால், பின்னர் எத்துணை வெயில் அடித்தாலும் பழுது நீங்காது. இலையுதிர் காலக் கடைசியில் ஒப்பந்தக்காரர்கள் விலையைக் குறைத்துக் கூப்பிடுவதுண்டாம். ஜூன் வரை பொறுத்ததால், முதற்பனிக்கு முன் அதற்கு நான்கு மாதத்துக்கு மேல் கிடைத்தது.

ஒப்பந்தக்காரரின் உறுதிமொழியைப் பற்றி ஒரு பழைய செய்தி. அமெரிக்காவில் முதல் காங்கிரீட் தெருவைப் போட்டவர் ஒஹாயோ மாநிலத்தின் பெல்ஃபோண்டைன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஜார்ஜ் பார்த்தலோமியூ. 1891இல் சோதனையாக ஒரு பட்டை போட்டார். பின்னர் நீதிமன்றத்தைச் சுற்றிய தெருக்களைப் போட்டார். ஊரார் நம்பவில்லை. 5,000 டாலர் ஈட்டுப் பணம் கட்டி, ஐந்தாண்டுக்குத் தாமே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தபின்தான் அனுமதித்தார்கள். அதுவும் பனி பெய்யும் ஊர்தான். அப்போது காற்றுக் குமிழி வித்தை எவருக்கும் தெரியாது. எனினும் அவர் போட்டதில் ஒரு பகுதி இன்றும் அங்கே இருக்கிறது. மண்ணுக்கடியில் மறைந்துவிடும் வேலைக்கு, செய்தவனே தன் பணத்தைப் பிணையாக வைத்த அந்தப் பழைய ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்திருந்தது. நம் மருமகனுக்குக் கிடைத்த எழுத்துறுதி இரண்டு ஆண்டுக்குத்தான். காலம் மாறிவிட்டது.

ஜூலையில் நாம் ஊர் திரும்பிவிட்டோம். மற்றவை தொலைபேசி வழியாக வந்த செய்திகள்.

முதற்குளிரில் உப்புப் போடவில்லை. மினியாப்பொலிஸில் பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் வீட்டு முன்னுள்ள நடைபாதையை வழித்துவிட வேண்டும் என்பது நகராட்சி விதி. புறநகரிலும் பலர் அவ்வாறே விரைகிறார்கள். விரைவுக்கு உப்புத்தான் துணை. உப்பு, பனியை உருக்கி உருக்கிக் காங்கிரீட்டை நீரில் ஊறப் போடுகிறது. உறைந்து உருகும் தடவைகளையும் பெருக்குகிறது. வியப்பு என்னவெனில், மிகுந்த உப்பைவிட நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு என்னும் இளம் உப்புக் கரைசலே மேற்பரப்பை அதிகம் உரிக்கிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. அம்மோனியம் கலந்த உர வகைகளைப் பனி உருக்கத் தூவுவாரும் உண்டு. அவை சிமெண்டையே அரித்துத் தின்பன, எந்த ஆண்டிலும் கூடாதவை. மருமகன் மணலையே தூவினார். மகளுக்கு அது வீட்டுக்குள் வந்து கம்பளத்தில் படிகிறதென்று குறை. அன்றியும், வீட்டில் உப்பைத் தவிர்த்தாலும் நெடுஞ்சாலை உப்பைக் கார் தன் வயிற்றில் சுமந்து வந்து இரவெல்லாம் சொட்டுகிறது. அதைத் தடுப்பாரில்லை. கார் நிற்கும் இடத்தை மட்டும் வாய்ப்புக் கிடைக்கும்போது கழுவி விடுகிறார். அடுத்த கோடையில், உள்ளே ஊடுருவி நீரை ஏற்கவொட்டாது செய்யும் சிலேன் வகை மருந்து ஒரு பூச்சுப் பூசினார்.

2023-24 குளிர்காலம் அந்நகர் கண்டவற்றுள் மிக மிதமானது. பனி குறைவென்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். மருமகனுக்கோ, அது உண்மையான தேர்வாகாதே என்று கவலை. அடுத்த குளிர் வழக்கம்போல் கடுமை காட்டிற்று. அதன்பின் ஏப்ரலில் அவர் பாதையைக் கழுவிப் படம் எடுத்து அனுப்பினார். எட்டுக் கட்டமும் மட்டமாக இருக்கின்றன. எல்லாக் கீறலின் அடியிலும் மயிரிழை வெடிப்பு, கீறலை விட்டு விலகாமல் ஓடியிருக்கிறது. ஒரே இடத்தில், மிளகளவு ஒரு துண்டு தெறித்துக் குழியாகியிருந்தது. அது தோல் உரிந்ததன்று, மேலே கிடந்த ஒரு மென்கல் நீரை உறிஞ்சி வெடித்தது என்று விளக்கமும் எழுதியிருந்தார். அணிலின் தடம் அப்படியே இருக்கிறது. பேத்தி அதன் மேல் தன் விரலை வைத்து உட்கார்ந்திருக்கும் படம் நம் இல்லத்தாரின் கைப்பேசியில் இருக்கிறது.

இரண்டு வீடு தள்ளி ஸோமாலிய நாட்டு அன்பர் ஒருவர் இருக்கிறார். அந்நகரத்தில் ஸோமாலியர் ஏராளம். ஆங்கிலம் போதாத நமக்கும், தமிழ் அறியாத அவருக்கும் அரபு மொழி பொதுவாயிருந்ததால், பாதை போட்ட நாளில் வேலியருகே நின்று நெடுநேரம் பேசினோம். காங்கிரீட்டுக்கு அரபியில் 'கரஸானா' என்று வழங்குவதை நமக்குச் சொன்னவர் அவரே. நம் கிதாபுகளில் அந்தச் சொல் ஏது! அவர் வீட்டுப் பாதையும் உரிந்து போய் மூன்று ஆண்டாகிறது. இவ்வாண்டு தாமும் போடப் போவதாகச் சொல்லி, மருமகனிடமிருந்த அந்த ஒற்றைத் தாளை வாங்கிக் கொண்டு போயிருக்கிறாராம். அவரிடமிருந்து அது வேறொருவர் கைக்கு மாறி, இப்போது யாரிடம் இருக்கிறதென்று தெரியவில்லை என்று சென்ற வாரம் மகள் சொன்னாள்.